இடுப்பளவு ஏற இரண்டு மணி நேரம்

அன்புள்ள மகனுக்கு,

ஸலாம். நீ சுகமாக இருக்க ஆண்டவனிடம் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம், உன் அத்தாவின் கண்ணைத் தவிர. அது உனக்குத் தெரிந்ததுதான். உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. உன் பட்டத்தை உன் பெயரைவிடப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அதையெல்லாம் நேரில் பேசிச் சிரிக்கலாம். இந்தக் கடிதம் கல்யாணத்தைப் பற்றியது இல்லை. வியாழக்கிழமை நீ கையெழுத்துப் போடப் போகிறாயே, அந்த வெள்ளக் கணக்குத் தாளைப் பற்றியது. அதில் கையெழுத்துப் போடாதே. கோபம் வந்தால் வரட்டும், ஆனால் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்துவிட்டுக் கோபப்படு.

போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை நீ வந்திருந்தபோது அந்தத் தாளின் கார்பன் பிரதியை அத்தாவிடம் கொடுத்தாய். அவருக்குக் கண் தெரியாது என்பதால் நான்தான் வாசித்துக் காட்டினேன். ஏரி உடைந்தாலோ உடைக்கப்பட்டாலோ தண்ணீர் ஓடை வழியாக எட்டு மைல் ஓடி முட்டுக்காட்டுக் கழிமுகத்துக்கு எப்போது வரும், எவ்வளவு உயரம் வரும் என்கிற கணக்கு. மைலுக்கு ஒரு கட்டம், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வரிசை. அந்தக் கணக்கை நம்பித்தான் உப்பளத்துக்காரர்களுக்கு நாற்பது வீடு கட்டப் போகிறீர்கள், ஓடைக்குப் பக்கத்திலேயே, தாழ்ந்த நிலத்தில். தண்ணீர் முதலில் காலை நனைக்கும், பிறகு இடுப்பளவு ஏற இரண்டே கால் மணி நேரம் ஆகும், ஆகையால் ஜனங்கள் நடந்தே மேட்டுக்குப் போய்விடலாம் என்று கீழே குறிப்பு எழுதியிருந்தாய். அந்த வரியை நான் இரண்டு முறை வாசித்தேன். நீ கவனிக்கவில்லை. புது முறை, எண்கள் ஆடவே ஆடாது என்று அத்தாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். அமெரிக்கச் சஞ்சிகையில் பார்த்ததாகச் சொன்னாய். அத்தா தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்த இரண்டு மணி நேரம் பழக்கமான விஷயம்.

ஏரிகளைக் கவனிக்கும் ஆபீசில் அத்தா கணக்குப் போடும் குமாஸ்தாவாக இருந்தார் என்பது உனக்குத் தெரியும். நீ நாலாவது பாரம் படிக்கிற காலத்திலேயே அவர் கண்ணில் பூ விழ ஆரம்பித்துவிட்டது என்பது உனக்குத் தெரியாது. எட்டையும் மூன்றையும் அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கணக்குக் குமாஸ்தாவுக்குக் கண் போனால் வேலை போச்சு. அதனால் தாள்களைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார். சில நாள் கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷினையும் சைக்கிளில் கட்டிக் கொண்டுவருவார். நான் தேர்டு பாரம் வரைக்கும் படித்தவள். நீ பள்ளிக்கூடம் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல நான் சுற்றுவேன், நான்தான் எழுதுவேன். பக்கத்து வீட்டுக்காரி அந்தக் கடகடச் சத்தத்தைத் தையல் மெஷின் என்று நினைத்து, ஒரு தடவை ரவிக்கைத் துணியே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். மறுக்க முடியாமல் கையாலேயே தைத்துக் கொடுத்தேன். ஒரு வருஷம் போனபிறகு கணக்கு முழுக்க என்னுடையது. அத்தா கையெழுத்து மட்டும் போடுவார். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுப்படியில் இருந்ததைவிட அந்தத் தாளுக்கு முன்னால் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அந்த மழை வருஷம் உனக்குப் பதினைந்து வயது. மழை விட்டு இரண்டு நாளாகி வெயிலும் அடித்தது, ஆனால் மேலே உள்ள ஏரிகளெல்லாம் வழிந்து வந்ததால் நம் ஏரியில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. கரை தானாக உடைந்தால் மேற்கே மூன்று கிராமம் போய்விடும், அதனால் கிழக்குப் பக்கம் நாமே வெட்டிவிட்டுவிடலாம் என்று ஆபீசில் முடிவு செய்தார்கள். வெட்டுகிற தண்ணீர் ஓடையில் இறங்கி உப்பளக் குப்பத்துக்குத்தான் போகும். எப்போது போகும், எப்படிப் போகும் என்று மத்தியானத்துக்குள் சொல்ல வேண்டும். சீமையில் படித்துவிட்டு வந்திருந்த இஞ்சினீயர் ஒருவர் முறையை எழுதிக் கொடுத்திருந்தார். முறை எளிமையானதுதான். ஓடையைக் கட்டம் கட்டமாகப் பிரிக்க வேண்டியது. ஒரு கட்டத்துக்குள் மேலிருந்து வந்த தண்ணீரிலிருந்து கீழே போன தண்ணீரைக் கழித்தால் மீதி அங்கே தங்கியது. தங்கியதை வைத்து, நேரத்தில் ஒரு தாவல் முன்னால் போய், அப்போதைய வேகமும் ஆழமும் போட வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தாவல் போடச் சொல்லியிருந்தார். அத்தா காலை எட்டு மணிக்கு மூச்சிரைக்க வந்தார். வாசலில் ஆபீஸ் பியூன் சைக்கிளோடு நின்றான். அவன் உள்ளே பார்க்கக் கூடாதென்று பாதிக் கதவைச் சாத்தினோம்.

ஐந்து நிமிஷத் தாவலில் போனால் மத்தியானத்துக்குள் முடியாது என்பது பத்து மணிக்கே தெரிந்துவிட்டது. நான் பத்து நிமிஷமாகத் தாவினேன். அத்தாவிடம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. நீ படித்தவன், அது என்ன தப்பு என்று உனக்கே தெரியும். ஆழமான இடத்தில் தண்ணீரின் அலை ஒரு மைலை ஏழு நிமிஷத்தில் தாண்டுகிறது. நான் பத்து நிமிஷம் கழித்து எட்டிப் பார்த்தால் அது பக்கத்துக் கட்டத்தைத் தாண்டி அதற்கடுத்த கட்டத்தில் இருக்கும், என் கணக்கோ பக்கத்துக் கட்டத்தை மட்டுமே பார்க்கும். எண்கள் ஆட ஆரம்பித்தன. ஒரு கட்டத்தில் ஆறடி, அடுத்ததில் ஒன்று, அதற்கடுத்ததில் ஒன்பது. ஓரிடத்தில் ஆழம் சைபருக்கும் கீழே போனது. அங்கேயே நிறுத்தி, தப்பு என்று எழுந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஆபீசின் வழக்கம் ஒன்று உண்டு. அடித்தல் திருத்தல் இல்லாத, ஒழுங்காக ஏறி ஒழுங்காக இறங்குகிற சுத்தப் பிரதிதான் மேஜைக்குப் போக வேண்டும். எண் குதித்திருந்தால் குமாஸ்தாவின் முகத்தில் தாளை விட்டெறிவார்கள். அத்தாவுக்கு அது இரண்டு முறை நடந்திருந்தது. மூன்றாவது முறை நடந்தால் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்வார்கள் என்று எனக்குப் பயம். ரப்பரை எடுத்தேன். ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு பக்கத்துக் கட்டங்களோடு சேர்த்துச் சராசரி எடுத்தேன். ஆட்டம் குறையாத இடத்தில் மறுபடியும் எடுத்தேன். தாள் அழகாகிவிட்டது.

அதில் இருந்த வஞ்சகத்தைக் கேள். மொத்தத் தண்ணீரைக் கூட்டிப் பார்த்தேன், ஏரியிலிருந்து வெளியேறியது எவ்வளவோ அவ்வளவும் ஓடையில் இருந்தது. சராசரி எடுத்தால் தண்ணீர் கூடுவதுமில்லை குறைவதுமில்லை, இடம்தான் மாறுகிறது. கூட்டல் சரியாக இருந்தால் கணக்கு சரி என்று நான்தான் உனக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தேன், அதையே நானும் நம்பினேன். இஞ்சினீயரும் கூட்டலைத்தான் சரிபார்த்தார், தலையாட்டினார். தண்ணீரில் விட்ட ஒரு சொட்டு நீலம் எப்படி வாளி முழுக்கப் பரவுகிறதோ, அப்படி என் ரப்பர் அந்த வெள்ளத்தின் முகத்தை நாலு மைலுக்குப் பரப்பிவிட்டது. முக்கால் மணி நேரத்தில் கால் நனையும், பிறகு இடுப்பளவு ஏற இரண்டு மணி நேரம் ஆகும் என்று எழுதினேன். அத்தா கையெழுத்துப் போட்டார். பியூன் கொண்டுபோனான். ஜீப்பில் ஆள் போய்க் குப்பத்தில் தமுக்கு அடித்து, ஓடைத் தண்ணீர் கால் நனைத்ததும் கிளம்புங்கள், அதுவரை சாமான்களை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். நான் மத்தியான லுஹர் தொழுதுவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்த உனக்குச் சோறு எடுத்து வைத்தேன். நன்றாகச் சாப்பிட்டாய்.

கரையை வெட்டி முக்கால் மணி நேரம் ஆகியும் அங்கே ஒரு சொட்டு வரவில்லையாம். ஆபீஸ்காரர்கள் வழக்கம்போல் பயமுறுத்துகிறார்கள் என்று நினைத்துச் சிலர் உப்புக் குவியலுக்கு ஓலை போர்த்தத் திரும்பிப் போயிருக்கிறார்கள். ஒன்றேகால் மணி நேரத்தில் வந்தது. காலும் இடுப்பும் ஒரே நேரத்தில் நனைந்தன. ஏழு பேர். அதில் ஒருத்தி கன்னியம்மா, நம் தெருவுக்கு உப்புக் கொண்டுவருவாளே, உன்னை ‘தொரை’ என்று கூப்பிட்டுக் கன்னத்தைக் கிள்ளுவாளே, அவள். விஷயம் சாயங்காலம் தெரிந்தபோது நான் முதலில் செய்த காரியம் கிழித்துப் போட்ட கச்சாத் தாள்களைத் தேடி எடுத்து அடுப்பில் போட்டதுதான். அழுதது அதற்குப் பிறகு. அந்த வரிசையை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாலு நாள் கழித்து அவள் புருஷன் ஏகாம்பரம் ஆபீசுக்கு வந்து, கணக்குப் போட்டது யார் என்று விசாரித்து அத்தாவின் முன்னால் வந்து நின்றானாம். சத்தம் போடவில்லை. அவன் சொன்னதை அத்தா வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னார், எனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. “எங்களுக்குத் தெரியும் பாய், வெள்ளத் தண்ணி சொவுரு மாதிரி நின்னுகினுதான் வரும். பின்னால வர்ற தண்ணி ஆயம், அது வேகமா வரும், முன்னாடி போற தண்ணி மேல ஏறிக்கும். எங்க அப்பன் காலத்துலேர்ந்து பாக்கறோம். ஆனா நீங்க காகிதத்துல எழுதி அனுப்பிச்சிட்டீங்கோ. படிச்சவங்கோ சொல்றாங்கோன்னு குந்திகினு இருந்துட்டோம்.” மகனே, நான் முழுக்கப் போட்ட கணக்குக்குள் இல்லாத விஷயத்தை அவன் இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருக்கிறான். ஆழமான தண்ணீர் வேகமானது, ஆகையால் முகப்பு சாயாது, செங்குத்தாகத்தான் நிற்கும். இஞ்சினீயரின் முறைக்குள்ளும் அது இருந்தது. எண்கள் ஆடியதே, அந்தச் செங்குத்தைத் தாங்க முடியாமல்தான் பாதி ஆட்டம். அதை அழுக்கு என்று நினைத்து நான் துடைத்துவிட்டேன்.

விசாரணைக்கு முன்னால் நான் அத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்; விசாரணையில் அவர், தாவலை மாற்றியதும் ரப்பர் போட்டதும் தாமேதான் என்றார். எழுத்து ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று ஒருவர் கேட்டதற்கு, அவசரத்தில் எழுதினேன் என்றாராம். பதவியை இறக்கி, பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உன் பள்ளிக்கூடத்தில் உனக்கு ‘தண்ணிக் கணக்கு’ என்று பெயர் வைத்தார்கள், நீ புத்தகப்பையை எறிந்துவிட்டு வந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தக் கோடையில் உன்னைச் சமாதானப்படுத்த அத்தா நம்மை மகாபலிபுரம் கூட்டிப்போனார். நீ முன்னால் நடந்துகொண்டே இருந்தாய். அத்தாவுக்கு மணலில் கால் தடுக்கிக்கொண்டே இருந்தது, நான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். திடீரென்று திரும்பி, “உங்க கணக்காலதானே ஏழு பேரு செத்தாங்க” என்றாய். அத்தா “ஆமாம்பா” என்றார். அவ்வளவுதான். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், அவர் கை என் கையில்தான் இருந்தது, வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நீ அவரோடு சரியாகப் பேசவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஆபீஸ் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து பெண்டாட்டியிடம் கொடுத்தார் என்று தெரிந்தால் பென்ஷனும் போய்விடும் என்று அத்தா சொன்னார். அது உண்மைதான், ஆனால் எனக்கு அது சாக்கு. உன் பார்வை அவரிடமிருந்து என் பக்கம் திரும்பிவிடுமே என்கிற பயம்தான் என்னைக் கட்டிப்போட்டது. உன்னை இழக்க எனக்குத் தைரியம் இல்லை, அவர் உன்னை இழக்க விட்டுவிட்டேன். ஏழு வருஷமாக உன் பார்வையில் குற்றவாளியாக இருந்தவர் ஒரு தப்பும் செய்யாதவர். இந்தப் பக்கத்தை நான் அவருக்கு வாசித்துக் காட்டப் போவதில்லை. காட்டினால் கிழிக்கச் சொல்வார்.

இப்போது உன் தாளுக்கு வருகிறேன். உன் தாவல் சரி, நான் செய்த அந்தத் தப்பை நீ செய்யவில்லை. ஆனால் நான் ரப்பரால் செய்ததை உன் சூத்திரமே ஒவ்வொரு தாவலிலும் செய்துவிடுகிறது. பக்கத்துக் கட்டங்கள் இரண்டையும் சராசரி எடுத்துக்கொண்டுதான் அது அடுத்த வரிக்குப் போகிறது. ஆடாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். நீ போன மறுநாளிலிருந்து நானும் அத்தாவும் உட்கார்ந்துவிட்டோம். மெஷின் இல்லை, உன் பழைய லாகரிதம் புத்தகம் இருந்தது. நான் எண்களைச் சொல்ல, சின்னப் பெருக்கலையெல்லாம் அத்தா மனசுக்குள்ளேயே போட்டுச் சொன்னார். கண் போனவர் மூளை இன்னும் அப்படியே இருக்கிறது. கட்டத்தை அரை மைலாக்கி, தாவலையும் பாதியாக்கினோம். உன்னுடைய இரண்டே கால் மணி நேரம் ஒரு மணி முப்பத்தைந்து நிமிஷமாகச் சுருங்கியது. மறுபடியும் பாதியாக்கினோம், முடிக்க முடியவில்லை, மூன்றாவது மைல் வரைக்கும்தான் வந்திருக்கிறோம், அங்கேயே முகப்பு இன்னும் செங்குத்தாகிவிட்டது. தண்ணீர் அதே தண்ணீர், ஓடையும் அதே ஓடை. கட்டத்தைச் சுருக்கச் சுருக்க முகப்பின் அந்தச் சரிவும் சுருங்குகிறது என்றால், சரிவு தண்ணீருடையது இல்லை, உன் கட்டத்துடையது. நம்ப மாட்டாய் என்று தெரியும், தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். கூட்டிப் பார்க்காதே, கூட்டல் சரியாகத்தான் இருக்கும். பக்கத்துப் பக்கத்து எண்களைப் பார்.

உன் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. வேலையில் சேர்ந்து எட்டு மாதம், முதல் கையெழுத்து. உன் மேலதிகாரி அடிக்கல் விழாவுக்குப் பந்தல்காரனுக்கே சொல்லிவிட்டார் என்றாய். இந்த நேரத்தில் தாளைத் திரும்ப வாங்கினால், இவன் அந்தத் தண்ணிக் கணக்கு பாயின் மகன்தானே என்று யாராவது சொல்வார்கள். பெண் வீட்டார் காதுக்கும் போகும். போகட்டும். இவனுடைய அம்மாதான் அந்தக் கணக்கைப் போட்டாள் என்று நீயே சொல்லிவிடு, நான் கூசமாட்டேன். சரியான பதில் இவ்வளவு நிமிஷம் என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை, உனக்கு உண்டு. எண் தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது, வீடுகளை மேட்டுக்கு மாற்றச் சொல். அந்த ஒரு வரியை எழுத எனக்கு அன்றைக்குக் கை வரவில்லை.

நேற்று நான் ஒரு காரியம் செய்தேன். அத்தாவிடம் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு, துப்பட்டியைப் போட்டுக்கொண்டு திருப்போரூரில் பஸ் மாறிக் கேளம்பாக்கத்தில் இறங்கி, உப்பளத்துக்கு நடந்தே போனேன். ஏகாம்பரத்துக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. பாத்தியில் நின்றுகொண்டு மண் வாரிக்கொண்டிருந்தான். நான் யார் என்று சொன்னேன். கணக்குப் போட்டது பாய் இல்லை, நான்தான் என்று சொன்னேன். அவன் என்னைத் திட்டுவான், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டான். “பாய் அன்னிக்கி என் கையப் புடிச்சிகினு அழுதாரும்மா. தப்பு பண்ணவன் அப்டி அழ மாட்டான்னு அப்பவே நெனச்சேன்” என்றான். பிறகு கேட்டான்: “அது போயிடுச்சி. இப்ப எங்களுக்கு வூடு கட்றாங்களாமே, லிஸ்ட்டுல மொத பேரு என்துதான். என் பொண்ணு அவ புள்ளைங்களோட வந்து குந்தப் போறா. எந்த எடத்துல கட்றாங்கோ, நீ சொல்லும்மா. அங்க குந்தலாமா, வாணாமா?”

வியாழக்கிழமை சாயங்காலம் வந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் உன் பெயரில் கொடுத்த வாக்கு, மன்னித்துக்கொள்.

இந்தக் கடிதம் திங்கட்கிழமை உன் கையில் இருக்கும். வியாழக்கிழமை முதல் வண்டியில் நான் எழும்பூர் வருகிறேன். நம் தாள்களின் இன்னொரு பிரதியும் கையில் இருக்கும், கணக்கிட்டவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியாகிவிட்டது. நீ உன் தாளைத் திரும்ப வாங்கியிருந்தால் ஸ்டேஷனுக்கு வா, இரண்டு பேருமாகவே உப்பளத்துக்குப் போய் ஏகாம்பரத்திடம் சொல்லிவிட்டு வரலாம். பிளாட்பாரத்தில் உன்னைக் காணவில்லை என்றால் நான் அங்கே காத்திருக்க மாட்டேன், வழி விசாரித்துக்கொண்டு உன் ஆபீசுக்கே வந்துவிடுவேன்.

உன் அம்மா